பெட்டியில் வந்த ஆடையும் பேண வேண்டிய நாணமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழா பெண்கள் அமர்வில், அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தாயும் மகளும் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

அமெரிக்காவில் பெண்பிள்ளைகள் எவ்வாறு மார்க்கம் பேணி உடுத்துகிறார்கள் என்று பேசும்படி ஜமாஅத்தார் எங்களைப் பணித்தார்கள். நாங்கள் ஆலிமாக்கள் அல்லர். ஆகவே சட்டம் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியையும் அதில் நாங்கள் கற்றுக்கொண்டதையும் மட்டுமே சொல்ல வந்திருக்கிறோம். எங்களில் மூத்தவர் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். இளையவர் அங்கேயே பிறந்தவர். இருவரும் பேசி, இருவரும் ஒப்புக்கொண்டதையே இங்கே கூறுகிறோம்.

மூட்டைக்காரரும் பெட்டியும்

நம் ஊரின் மூத்த தாய்மார்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் நம் பெண்கள் கடைத்தெருவுக்குச் செல்வதில்லை. ஜவுளி மூட்டையைத் தோளில் சுமந்து வரும் வியாபாரி, வாசலில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி அமர்ந்துகொள்வார். துணிகள் உள்ளே போகும். உம்மாவும் மூத்தம்மாவும் விரித்துப் பார்ப்பார்கள். பிடித்தது தங்கும், பிடிக்காதது வெளியே வரும். விலை பேசுவது வீட்டுச் சிறுவன் வாயிலாக நடக்கும். இன்ன வீட்டில் இன்ன நிறந்தான் எடுப்பார்கள், இன்ன வீட்டில் மெல்லிய துணி வேண்டா என்பார்கள் என்பதெல்லாம் அந்த வியாபாரிக்கு மனப்பாடம். அடுத்த முறை மூட்டை கட்டும்போதே அதற்கேற்பக் கட்டுவார்.

இதே மூட்டை வியாபாரம் அமெரிக்காவில் கணினி வழியே மறுபிறவி எடுத்தது. 2011ஆம் ஆண்டில் கத்ரீனா லேக் என்னும் பெண்மணி, ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவியாக இருந்தபோதே ஸ்டிட்ச் ஃபிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வாடிக்கையாளர் தம் அளவையும் விருப்பத்தையும் ஒரு படிவத்தில் நிரப்ப வேண்டும். ஆடைத் தேர்வாளர் ஒருவர், கணினியின் கணக்கையும் தம் அனுபவத்தையும் கொண்டு ஐந்து உருப்படிகளைத் தேர்ந்து பெட்டியில் அனுப்பி வந்தார். அப்போது தேர்வுக் கட்டணம் 20 டாலராக இருந்தது. ஏதேனும் ஒன்றை வாங்கினால் அந்தத் தொகை விலையில் கழிக்கப்படும். ஒன்றும் வேண்டாவிட்டால் அது தேர்வாளரின் கூலியாகப் போய்விடும். மூன்று நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். ஐந்தையும் எடுத்துக்கொண்டால் 25 விழுக்காடு தள்ளுபடி கிடைத்து வந்தது. இம்முறை பெரும் வரவேற்பைப் பெற்று, 2017 நவம்பரில் அந்நிறுவனம் பங்குச் சந்தையிலும் நுழைந்தது.

அதைப் பார்த்துப் பலரும் அவ்வழியில் இறங்கினர். எல்லோரும் நிலைக்கவில்லை. டிரங்க் கிளப் என்ற பெயரில் நடந்த சேவை 2022இல் நின்றது. ஸ்டிட்ச் ஃபிக்ஸ் தன் பிரிட்டன் கிளையை 2023இல் மூடியது. அமேசான் நிறுவனம் நடத்திய, அணிந்து பார்த்தபின் வாங்கும் திட்டம் 2025 ஜனவரியோடு முடிந்தது. நாங்கள் சேர்ந்தது இவ்வழியில் நடக்கும் வேறொரு நிறுவனம். அதன் பெயர் இங்கே தேவையில்லை. நாங்கள் சொல்லப்போவதில் பாதித் தவறு எங்களுடையதே.

ஏன் இதை நாடினோம்?

எங்களில் இளையவருக்கு ஓர் அலுவலகத்தில் முதல் வேலை கிடைத்தது. பதினேழு வயதில், யாரும் சொல்லாமல், தாமாகவே ஹிஜாப் அணியத் தொடங்கியவர் அவர். அந்நாளில் மூத்தவர் சேலை முந்தானையால் முக்காடு போடுவதோடு நிறுத்திக்கொண்டவர். மகளைப் பார்த்தே தாய் திருந்தினார் என்பதை இந்த அவையில் வெட்கமின்றிச் சொல்லிக்கொள்கிறோம்.

அங்கே பள்ளிவாசலுக்கும் விருந்துக்கும் அணிய அபாயா எளிதில் கிடைக்கும். அன்றாடம் அலுவலகத்துக்கு அணிந்து செல்லத்தக்க, அதே வேளையில் மார்க்க வரம்புக்குள் அடங்கிய ஆடைதான் கிடைப்பது அரிது. இங்கே என்றால் துணி எடுத்துத் தையற்காரரிடம் கொடுத்து, கையை முழுதாக வை, கழுத்தை ஏற்றி வை, பக்க வெட்டைக் குறை என்றால் வேலை முடிந்தது. அங்கே அத்தகைய தையற்காரர் அரிது. கிடைத்தாலும் கூலி ஆடையின் விலைக்குச் சமமாக இருக்கும். கடை கடையாக ஏறி இறங்கி ஒரு சனிக்கிழமை முழுவதும் வீணானபின், பெட்டி வழி ஆடையை முயன்று பார்ப்போம் என்று இருவரும் முடிவெடுத்தோம்.

இதில் கவலையும் கலந்திருந்தது. ஹிஜாப் அணிந்த பெண்ணுக்கு வேலை மறுக்கப்பட்ட வரலாறு அந்நாட்டில் உண்டு. 2008ஆம் ஆண்டில் ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், சமந்தா எலாஃப் என்ற பதினேழு வயதுப் பெண் அபர்குரோம்பி ஆடைக் கடையில் வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்காணலில் தகுதி பெற்றும், தலைத்துணி அக்கடையின் தோற்ற விதிக்கு ஒவ்வாது என்று வேலை தரப்படவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015 ஜூன் 1ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அப்பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தனர். மார்க்க நடைமுறைக்கு இடமளிப்பதைத் தவிர்க்கும் நோக்கில் வேலை மறுப்பது சட்டவிரோதம். அப்பெண் தன் வாயால் கேட்கவில்லை என்பது சாக்காகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். சட்டம் துணை நிற்கிறது என்று அறிந்தும், முதல் நாள் அலுவலகத்தில் நுழையும் பெண்ணின் நெஞ்சம் படபடக்கத்தானே செய்யும்?

படிவத்தில் செய்த பிழை

படிவத்தில் கேள்விகள் ஏராளம். உயரம், எடை, தோள் அளவு, பிடித்த நிறம், விலை வரம்பு எல்லாம் கேட்டார்கள். அவற்றுள் ஒரு கேள்வி எங்களை நிறுத்திவிட்டது. கை, தோள், கால் முதலியவற்றை எடுத்துக்காட்ட விரும்புகிறீர்களா, மறைக்க விரும்புகிறீர்களா என்பதே அது. மறைக்க என்று குறித்தோம். கடைசியில், வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் எழுதுக என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நாங்கள் முஸ்லிம்கள் என்பதையோ, ஹிஜாப் அணிவதையோ எழுதவில்லை. முன்பின் அறியாதவரிடம் எதற்கு என்று கூசினோம். நீண்ட கை பிடிக்கும் என்று மட்டும் எழுதினோம்.

முதல் பெட்டி வந்தது. ஐந்து உருப்படிகள். வலைப்பின்னல் கை வைத்த மேலாடை ஒன்று; கை நீளந்தான், ஆனால் தோல் தெரிந்தது. முழங்காலோடு நிற்கும் பாவாடை ஒன்று. உடலோடு ஒட்டிய கால்சட்டை ஒன்று. நீண்ட குர்த்தா போன்ற ஒன்று. இடுப்பு வரை பக்க வெட்டு. கடைசியாக ஒரு குட்டைச் சட்டை. உடன் தேர்வாளர் கைப்பட எழுதிய சீட்டும் இருந்தது. கைகளைப் பற்றி உங்களுக்குத் தயக்கம் இருப்பதாகத் தெரிகிறது, ஆகவே அவற்றை மென்மையாகக் காட்டும் கையைத் தேர்ந்தேன் என்ற கருத்தில் அன்போடு எழுதியிருந்தார்.

சீட்டைப் படித்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. அந்தப் படிவத்தைப் பொறுத்தவரை மறைத்தல் என்றால் குறையை மறைத்தல். தன் உடம்பு தனக்குப் பிடிக்காத பெண்தான் மறைப்பாள் என்பது அதன் எண்ணம். நாங்கள் மறைப்பது குறையை அன்று. அல்லாஹ் தந்த அமானிதத்தை அவன் விதித்த எல்லைக்குள் பேணுகிறோம். இந்த வேறுபாட்டை நாங்கள் வாய் திறந்து சொல்லாதவரை அந்தத் தேர்வாளர் எவ்வாறு அறிவார்? அவர் மீது குற்றமில்லை. கூச்சப்பட்டு மௌனம் காத்த எங்கள் மீதே குற்றம்.

அன்று வீட்டில் ஒரு சச்சரவும் எழுந்தது. அந்தக் குர்த்தாவுக்கு உள்ளே இன்னொன்று போட்டுக்கொண்டால் போதுமே, வேலைக்குப் போகும் இடத்தில் இவ்வளவு கடுமை வேண்டுமா என்று மூத்தவர் கேட்டுவிட்டார். வேலை போய்விடுமோ என்ற அச்சந்தான் அப்படிப் பேச வைத்தது. "உம்மா, உடுத்துவது நான். நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டியதும் நான்" என்று கண்ணீரோடு சொன்னார் இளையவர். பெட்டி அப்படியே திரும்பிப் போயிற்று. 20 டாலரும் போயிற்று.

அளவாகச் சொல்லுதல்

மறுநாள் இருவரும் அமர்ந்து அந்தக் கட்டத்தை மீண்டும் நிரப்பினோம். இம்முறை முதல் வரியிலேயே நாங்கள் முஸ்லிம் பெண்கள், முகமும் கையின் முன்பகுதியும் தவிர மற்றவற்றை மறைத்து உடுத்துவோம் என்று எழுதினோம். அதோடு நிற்காமல், தையற்காரரிடம் சொல்வதைப் போல அளவாகவும் சொன்னோம். கை மணிக்கட்டு வரை வேண்டும். மேலாடை தொடையின் பாதி வரை தொங்க வேண்டும். பக்க வெட்டு இடுப்புக்கு ஒரு சாண் கீழே தொடங்க வேண்டும். கழுத்து மூடியிருக்க வேண்டும். துணி ஒளி ஊடுருவாததாகவும் உடலை ஒட்டாததாகவும் இருக்க வேண்டும். பாவாடை கணுக்கால் வரை வேண்டும்.

நாணம் என்ற சொல்லுக்கு ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வோர் அளவு உண்டு. சாண், முழம் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் ஒரே அளவாகப் புரியும்.

இரண்டாம் பெட்டியில் வந்த சீட்டு எங்களை நெகிழச் செய்தது. முன்னர்ச் சில யூதப் பெண்களுக்கும் இவ்வாறே தேர்ந்து கொடுத்திருக்கிறேன், இப்போது தெளிவாகப் புரிகிறது, சொன்னதற்கு நன்றி என்று எழுதியிருந்தார். மார்க்கப் பற்றுள்ள யூதப் பெண்களும், கிறிஸ்தவர்களில் சில பிரிவினரும் கை, கால் மறைத்து உடுத்துவதை அங்கே நாள்தோறும் காண்கிறோம். நாங்கள் மட்டுமே விந்தையானவர்கள் என்று எண்ணிக் கூசியது அறியாமை.

இன்னொரு சிறு நுணுக்கத்தையும் கண்டுகொண்டோம். ஐந்தடி நான்கு அங்குலமும் அதற்குக் குறைவுமான உயரமுள்ள பெண்களுக்கு அங்கே தனியாகச் சிறிய அளவு வகுத்திருக்கிறார்கள். நம்மில் பலர் அந்த உயரத்தினரே. நாங்கள் அதை விட்டுப் பொது அளவையே கேட்டோம். மற்றவருக்குக் கெண்டைக்காலோடு நிற்கும் பாவாடை எங்களுக்குக் கணுக்காலைத் தொட்டது. மேலாடையும் ஓரிரு அங்குலம் கூடுதலாகத் தொங்கியது. குள்ளமாகப் படைத்ததிலும் அவன் ஒரு நன்மையை வைத்திருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்.

ஆடையைச் சோதித்தல்

கண்ணாடி முன் நிமிர்ந்து நின்றால் எந்த ஆடையும் ஒழுங்காகவே தோன்றும். நாங்கள் நான்கு சோதனைகள் வைத்துக்கொண்டோம். முதலாவது, பகல் வெளிச்சம் வரும் சன்னலுக்கு எதிரே நிற்பது. துணியின் மெல்லிமை அப்போது தெரிந்துவிடும். இரண்டாவது, மேல் அடுக்கில் உள்ள பொருளை எடுப்பதுபோல் கையை உயர்த்துவது; கை நழுவி முழங்கைக்கு வருகிறதா என்று தெரியும். மூன்றாவது, நாற்காலியில் அமர்ந்து எழுவது. நான்காவது, ருகூவும் சுஜூதும் செய்து பார்ப்பது. முதுகுப் பக்கம் மேலேறினாலோ, உடலமைப்பு தெரிந்தாலோ அந்த ஆடை எங்களுக்கு ஆகாது. அலுவலகத்திலேயே லுஹரும் அஸரும் தொழ வேண்டிய பெண்ணுக்கு இதைவிடச் சிறந்த உரைகல் வேறில்லை. இரண்டாம் பெட்டியில் இந்த நான்கிலும் தேறியவை இரண்டு: ஒரு நீண்ட மேலாடை, ஒரு தளர்ந்த கால்சட்டை.

மூன்று நாள் தவணை

வாங்கிப் பார்த்துத் திருப்புவது மார்க்கத்தில் ஆகுமா என்ற ஐயம் எங்களுக்கு எழுந்தது. எங்கள் பகுதிப் பள்ளியின் இமாமிடம் கேட்டோம். முடிவைத் தெரிவிக்கும்போதுதான் விற்பனை உறுதியாகிறது, அதற்கு முன்பே ஒவ்வொன்றின் விலையும் தெரிந்துவிடுகிறது, ஆகவே விலை அறியாத வியாபாரம் என்ற குறை இதில் இல்லை என்று விளக்கினார்கள். தேர்வுக் கட்டணம் உழைப்புக்கான கூலி என்றார்கள். கொடுக்கல் வாங்கலில் அடிக்கடி ஏமாந்துபோன ஒரு நபித்தோழருக்கு, வாங்கும்போதே ஏமாற்று இருக்கலாகாது என்று சொல்லிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவருக்கு மூன்று நாள் தவணை அளிக்கப்பட்டதாக வேறு அறிவிப்புகளில் வருகிறது. ஷாஃபிஈ, ஹனஃபி இமாம்கள் வியாபாரத்தைத் திரும்பப்பெறும் நிபந்தனைக்கு மூன்று நாளையே எல்லையாக்கினார்கள் என்றும் எடுத்துரைத்தார்கள். புதுமை என்று எண்ணிய பெட்டிக்குள் நம் ஃபிக்ஹு நூல்களின் மூன்று நாள் இருந்தது கண்டு வியந்தோம்.

ஆனால் அந்த மூன்று நாளும் ஆடை நம்மிடம் அமானிதமாகவே இருக்கிறது. எங்கள் உறவுப் பெண் ஒருத்தி, ஒரு நாள் நிக்காஹ் விருந்துக்கு அணிந்துவிட்டுத் திருப்பிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றாள். அல்லாஹ்வுக்குத் தெரியும் என்றோம். அடுத்தவர் பொருளை அணிந்து மகிழ்ந்துவிட்டுப் புதியதுபோல் திருப்புவது கியானத்து. மானம் காக்கும் ஆடையை மோசடியால் பெறுவதில் என்ன பேணுதல் இருக்கிறது?

தள்ளுபடி என்னும் தூண்டில்

ஒரு கணக்கைச் சொல்கிறோம். இரண்டாம் பெட்டியின் மொத்த விலை 320 டாலர். ஐந்தையும் வாங்கினால் 80 டாலர் தள்ளுபடி. கட்டணம் 20 கழிந்து 220 கொடுத்தால் போதும். எங்களுக்குப் பிடித்த இரண்டின் விலை 118. கட்டணம் கழிந்து 98. 80 டாலர் மிச்சம் என்று மனம் ஆசை காட்டியது. உண்மையில் அணிய முடியாத மூன்று ஆடைகளுக்காக 122 டாலர் கூடுதலாகச் செலவாகும். இதற்குத்தான் மார்க்கம் இஸ்ராஃப் என்று பெயரிட்டிருக்கிறது. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் அலங்கரித்துக்கொள்ள ஏவிய இறைவன், அதே இடத்தில் வீண்விரயத்தையும் தடுத்திருக்கிறான்.

எங்கள் தவறு இன்னொன்றும் உண்டு. மூன்றாம் பெட்டி ரமலானின் கடைசிப் பத்தில் வந்தது. இரவு வணக்கமும் பெருநாள் வேலையுமாக மூன்று நாள் கடந்துவிட்டது. ஐந்தின் விலையும் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. நிபந்தனை முன்பே எழுதப்பட்டிருந்தது, மறந்தவர்கள் நாங்கள். அதன்பின் தானாகப் பெட்டி வரும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, தேவைப்படும்போது மட்டும் கேட்டுப் பெறுகிறோம். கடனட்டைக்கு வட்டி ஏறாமல் உடனுக்குடன் அடைத்துவிடுகிறோம்.

சந்தை மாறியது, அளவுகோல் மாறவில்லை

இன்று பெரிய வணிக நிறுவனங்களும் நம் பெண்களைத் தேடி வருகின்றன. 2015இல் யூனிக்ளோ நிறுவனம் ஹானா தஜிமா என்ற முஸ்லிம் வடிவமைப்பாளரோடு சேர்ந்து ஆடைகளை வெளியிட்டது. 2016இல் இத்தாலியின் டோல்சே அண்டு கபானா அபாயாக்களை விற்றது. 2017இல் நைக்கி விளையாட்டு ஹிஜாபைக் கொணர்ந்தது. 2018இல் மேசிஸ் கடை வெரோனா ஆடைகளை விற்கத் தொடங்கியது. இவை வசதிகள்தாம், மறுப்பதற்கில்லை. எனினும் வணிகரின் அளவுகோல் இலாபம். விற்கும்வரை வைப்பார், விற்காவிட்டால் எடுத்துவிடுவார். நம் அளவுகோல் அந்நூர் அத்தியாயத்தின் 30, 31ஆம் வசனங்களிலும் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 59ஆம் வசனத்திலும் இருக்கிறது. அந்நூரில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கே வந்தது என்பதைத் திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் சகோதரர்களுக்கும் பணிவோடு நினைவூட்டுகிறோம்.

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஊர்ப் பெண்பிள்ளைகளும் இன்று கல்லூரிக்கும் வெளியூர் வேலைக்கும் செல்கிறார்கள். அவர்களுக்கும் இதே தேடல் உண்டு. நம் நிஸ்வான் மதரஸாவில் தையல் வகுப்பு ஒன்றைத் தொடங்கி, அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் ஏற்ற பேணுதலான ஆடைகளை நம் பெண்களே அளவெடுத்துத் தைத்துக் கொடுக்க ஜமாஅத் வழி செய்ய வேண்டும். விதவைகளுக்கும் வருவாய்க்கு வழி பிறக்கும். நான்கு சோதனைகளிலும் தேறிய அந்த இரண்டு ஆடைகளையும் மாதிரிக்காகக் கொண்டு வந்திருக்கிறோம். அமர்வு முடிந்ததும் தாய்மார்கள் பார்க்கலாம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பேணி உடுத்த விரும்பும் மகளை உலகத்துக்கு அஞ்சித் தளர்த்திவிடாதீர்கள். எங்களில் மூத்தவர் அந்த ஒரு நாள் செய்த தவறுக்காக இன்றும் வருந்துகிறார். இளையவர் முதல் நாள் அந்த நீண்ட மேலாடையும் ஹிஜாபும் அணிந்து அலுவலகம் சென்றார். மாலையில் திரும்பியவரிடம் என்ன சொன்னார்கள் என்று மூத்தவர் பதற்றத்தோடு கேட்டார். ஆடையைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை, வேலையைப் பற்றித்தான் நிறையக் கேட்டார்கள் என்றார். அன்றிரவு இருவரும் இரண்டு ரக்அத் நஃபில் தொழுதோம்.

  வல்ல ரஹ்மான் நம் வெளி ஆடையையும், அதனினும் மேலான தக்வா என்னும் ஆடையையும் பேணி வாழ நம் யாவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.